பல்லைக் காட்டினால் படம் எடுக்கும் கமரா

1

அண்ணனின் முதலாவது திவசத்துக்காக இந்த வருடம் ஊருக்குப் போய் வந்தேன். போவதற்கு மூன்று மாதம் முன்பே அண்ணி போனில் சொல்லிவிட்டார், வேறு எதுவும் கொண்டு வரவேண்டாம் என்று. சொக்லேட் வேண்டாம், சவர்க்காரம் வேண்டாம், குளிர் உடுப்பும் வேண்டாம்.

"தம்பி, நாலு வருசத்துக்கு முந்தி வந்தப்ப ஒங்க சின்னக் கமராவுல இவரு சிரிக்கிற மாதிரி புடிச்சீங்களே, அந்தப் படத்த மட்டும் மறக்காமக் கொண்டாந்துருங்க. பெருசாக் கழுவி மாட்டணும்."

"அதெல்லாம் பத்திரமா இருக்கு அண்ணி," என்றேன்.

இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நான் புசல்லாவைக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, கண்டியில் படித்து, இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. லண்டனுக்கு மேற்கே, விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் ஒரு கூடத்தில் வேலை. எத்தனையோ பேர் தத்தம் ஊருக்குப் பறக்கும்போது சாப்பிடுகிற சோறும் பருப்பும் என் கையால் மூடப்பட்டவை. நான் பறப்பது நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை.

அண்ணன் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் வேன் ஓட்டினார். புசல்லாவை தாண்டி, சரிவு முழுக்கத் தேயிலை தெரிகிற ஒரு வளைவில் நிறுத்துவார். இறங்குகிறவர்கள் தங்கள் பெரிய கமராக்களை அவர் கையில் கொடுத்துவிட்டு வரிசையாக நிற்பார்கள். அவர் எடுத்த படங்கள் எத்தனை நாட்டு வரவேற்பறைகளில் தொங்குகின்றனவோ தெரியாது. அவரை யாரும் எடுத்ததில்லை, எடுக்க அவர் விடவும் மாட்டார். இளம் வயதில், கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப்போய் இடது கன்னம் வெந்துவிட்டது. அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அல்லது கையால் மறைத்துக்கொள்வார். சொந்தக்காரர்களின் கல்யாணப் படங்களில் அண்ணன் என்றால் ஒரு தோளும் ஒரு காதும்தான். அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பம் ஒரு மழைக்காலத்தில் மண்சரிவோடு போயிற்று. நேராகப் பார்க்கிற படம் என்று மிஞ்சியவை இரண்டு. ஒன்று அடையாள அட்டையில், மற்றது சாரதி அனுமதிப்பத்திரத்தில். இரண்டிலும் பொலிஸ்காரருக்குப் பதில் சொல்லுகிற முகம்.

அது அண்ணனின் முகமே இல்லை. அண்ணிக்கும் அது தெரியும்.

2

கமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு சவர்க்காரக் கட்டி அளவுதான். மலிவு விற்பனைக் காலத்தில் கண்ணாடிப் பெட்டியில் கடைசியாகக் கிடந்ததை வாங்கினேன். தட்டினால் மூக்கை நீட்டும், அப்போது விர்ர் என்று முனகும். வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க ரவை தூவியது போலப் புள்ளி விழும். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு நான் படக்கலை பழகினேன். இங்கிலாந்தில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் படப் பிரியர்கள் கூடுவார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பீரங்கி தொங்கும். முதல் நாள் ஒரு பெரியவர் என்னிடம் எந்த லென்ஸ் பாவிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்து இதை வெளியே எடுத்துக் காட்டியதும், அவர் மிகவும் மரியாதையாக வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பெரிய கமராவைக் கண்டால் மனிதர்கள் விறைத்துப்போவார்கள். இதைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. பேசிக்கொண்டே எடுக்கலாம், தேநீரைக் கீழே வைக்காமல் எடுக்கலாம். ஆள் கிடைக்காத நாட்களில் ஒரே பொருளைப் பல வெளிச்சங்களில் எடுத்துப் பழகுவேன். எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டியைப் பனியில் மட்டும் எழுபது தடவை எடுத்திருக்கிறேன். இந்தக் குப்பைத்தொட்டி பிறகு என்னைப் பழிவாங்கியது.

அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சின்ன முகப் படத்தைத் தெரிவு செய்துவிட்டால், எதிரே நிற்கிறவர் சிரிக்கும்வரை காத்திருந்து தானாகவே எடுக்கும். யாரும் பொத்தானை அமுக்க வேண்டாம். நாலு வருடத்துக்கு முன் அந்தத் தேயிலை வளைவில் வேனை நிறுத்தி, இதை அண்ணனிடம் காட்டினேன்.

"என்னாடா இது, வெளயாட்டுச் சாமானா?"

"இல்லண்ணே. பல்லக் காட்டுனாத் தானாவே எடுக்கும்."

"போடா, சும்மா."

கமராவை ஒரு கல்லின் மேல் வைத்தேன். முன்னால் இருந்த சின்ன விளக்கு மினுங்கி மினுங்கிக் காத்திருந்தது. அண்ணன் வேன் கதவில் சாய்ந்துகொண்டு, நம்பாமல், உதட்டைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தார். க்ளிக். திடுக்கிட்டார். பிறகு உண்மையாகவே சிரித்துவிட்டார். க்ளிக்.

"தொரைகிட்டப் பல்லக் காட்டுனா அரப்பேருதான் போடுவாரு. இது படமே போடுதேடா!"

தோட்டத்தில் அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அது எடுத்துக்கொண்டே இருந்தது. கன்னத்தை மறைக்க வேண்டும் என்ற நினைவே அவருக்கு வரவில்லை. பதினொரு படங்கள்.

3

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது என் கையில் கடவுச்சீட்டு இல்லை. புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தேன். அதற்கான படத்தை வெளியே போய் எடுக்காமல், படக்கலைஞன் என்ற திமிரில், சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்று இதே சின்னக் கமராவில் எடுத்து அனுப்பினேன். ஏற்க முடியாது என்று பதில் வந்தது. காரணம்: முகத்துக்குப் பின்னால் நிழல் விழுகிறது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் நிழல். மூன்றாவது தடவை மனைவி எடுத்தாள், அது சரியாக வந்தது.

சிரிக்கக் கூடாது என்றும் போட்டிருந்தது. நான் பிறந்த நாடும் நான் வாழ்கிற நாடும் கருத்து வேறுபாடே இல்லாமல் ஒத்துப்போகிற விஷயம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு நிழல்களால் போன வாரங்களுக்குள் அண்ணன் போய்விட்டார். புதன்கிழமை போன ஆளை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். அங்கே யாரோ ஒருவர் வீடியோ அழைப்பில் போனை உயர்த்திப் பிடித்திருக்க, சாப்பாட்டுக் கூடத்தின் பின்வாசலில் தலையில் வலைத்தொப்பியோடு நின்று பார்த்தேன். குடைகள்தான் தெரிந்தன. அவசரத்துக்குத் தற்காலிகப் பயணப் பத்திரம் வாங்க வழி இருந்ததாம், பிறகு பலரும் சொன்னார்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. என் முட்டாள்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை.

அன்று கமராவை இழுப்பறையில் போட்டு மூடியவன், அதைத் திறக்கவே இல்லை. படங்களை வேறெங்கும் ஏற்றி வைக்கவும் இல்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்ற பயம். கார்டில்தானே இருக்கிறது, எங்கே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

4

எங்கள் வீட்டில் அதிகம் உழைக்கிற சொல் 'எடு'. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. அவள் போன் கோல் எடுப்பாள், பஸ் எடுப்பாள், கடையில் மரக்கறி எடுப்பாள். மேசையில் கிடக்கிற தட்டை எடு என்பாள், அறையில் சிதறிக் கிடக்கிற உடுப்பையெல்லாம் எடு என்பாள். மகள் நிலானி இந்தச் சொல்லைத் தாயிடம்தான் படித்தாள். அவளைப் பொறுத்தவரை எடு என்றால், இருக்கிற இடத்திலிருந்து அகற்று.

பதினாறு வயது. எட்டு வயதுவரை தமிழில் சண்டை பிடித்தவள், பிறகு மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். "வீட்டுக்குள்ள தமிழ்ல பேசு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. சொல்லச் சொல்ல அவள் பேசுவதே குறைந்தது. இது எனக்கு விளங்க நிறையக் காலம் எடுத்தது.

இந்த வருடம் அவளுடைய சிநேகிதிகளுக்கிடையே பழைய சின்னக் கமராக்கள் நாகரிகமாகிவிட்டன. போனில் எடுத்தால் படம் சரியாக வருகிறதாம், இவற்றில் எடுத்தால் அழகாக வருகிறதாம். ரவைப் புள்ளிகளுக்குத்தான் இப்போது மவுசு. இழுப்பறையில் கிடந்ததைக் கண்டதும் தனக்கு வேண்டும் என்றாள். நான் பூரித்துப்போய்க் கொடுத்துவிட்டேன். நூலகத்துப் பெரியவர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதற்குள் பெரியப்பா இருக்கிறார் என்று அவளிடம் சொல்லவில்லை. பயணத்தில் நேரம் பார்த்துக் காட்டலாம் என்றிருந்தேன்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் வந்து இறங்கினோம். வந்த நோக்கம் என்ன என்று கேட்கிற படிவத்தில் திவசத்துக்கு ஒரு பெட்டி இல்லை. சுற்றுலா என்று போட்டுவிட்டு, வெளிநாட்டார் வரிசையில் நின்றேன்.

கண்டிக்கு ஏறுகிற பாதையில், கடுகண்ணாவை வளைவுகள் தாண்டும்போது, பின்னாசனத்திலிருந்து மகள் கேட்டாள்:

"அப்பா, படம் எல்லாம் எடுக்கட்டா?"

தமிழில்! யாரும் சொல்லாமல், தானாக. வேன் ஓட்டிய வத்தேகமக்காரர் கண்ணாடியில் பார்த்து, "பாப்பாவுக்குத் தமிழ் நல்லா வருதே சார்," என்றார். மலையைக் கண்டதும் மொழியும் வந்துவிட்டது என்று என் புத்தி சொன்னது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடும்மா. ஆசை தீர எடு. எல்லாத்தையும் எடு."

5

திவசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மகளையும் கூட்டிக்கொண்டு கண்டி டவுனுக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு ஸ்டூடியோ. அதை நடத்துகிறவர் அலவத்துகொடக்காரர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல எங்கள் பக்கத்து ஆட்களும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பகுதியில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற படங்களில் பாதி அவர் கை பட்டவை. மகளிடமிருந்து கமராவை வாங்கிக் கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். நானா கம்பியூட்டரில் போட்டார்.

ஓட்டோக்கள் வந்தன. குளத்தங்கரை மரங்களில் கொக்குகள் வந்தன. வாயைத் திறந்துகொண்டு வேனில் தூங்குகிற நான் வந்தேன். அண்ணி வீட்டுக் கோழி, அண்ணியின் கை, சன்னல் வழியே மேகம். இருநூறுக்கு மேல்.

"முன்னுக்குப் போங்க நானா. பழசு இருக்கும்."

"இதான் தம்பி முன்னுக்கு. இதுக்கு முந்தி ஒண்டும் இல்லையே."

முதல் படம் கடுகண்ணாவை வளைவு.

நானா என் முகத்தைப் பார்த்தார். அழிந்ததைத் தேடிப் பிடிக்கிற ஏதோ ஒன்றை ஓட விட்டார். ஒரு மணி நேரம் ஓடியது. அழித்த இடத்திலேயே புதிய படங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டதால் ஒன்றும் தேறவில்லை. தேறியது ஒரே ஒரு துண்டு: வேனின் முன் டயரும், அதற்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் காலும். அதற்கு மேலே முழுக்கச் சாம்பல் நிறம். அந்தச் செருப்பு அண்ணனுடையது.

6

மாடிப்படியில் வைத்தே கத்திவிட்டேன்.

"யாரக் கேட்டு அழிச்ச?"

"உங்களத்தான் கேட்டனான்."

"எப்ப கேட்ட?"

"வரேக்க, வேனுக்குள்ள. கார்ட் நிரம்பிட்டுது. பார்த்தா ஒரே குப்பைத்தொட்டி, குப்பைத்தொட்டி. படம் எல்லாம் எடுக்கட்டா எண்டு கேட்டன். நீங்கள்தான் எல்லாத்தையும் எடு எண்டு சொன்னீங்கள்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே பஸ் ஹோர்ன்கள் அலறிக்கொண்டிருந்தன. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் நான் பாய்ந்து விழுந்து தடுத்திருப்பேன். தமிழில் கேட்டதால் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

"அதுக்குள்ள பெரியப்பா இருந்தாரு," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னாள்: நீங்கள்தானே எப்போதும் தமிழில் பேசச் சொல்லுகிறீர்கள், பேசினேன். புசல்லாவைவரை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். கமரா அவள் மடியில் கிடந்தது, ஒன்றுகூட எடுக்கவில்லை.

அண்ணி வாசலிலேயே கேட்டார். "கழுவக் குடுத்துட்டீங்களா தம்பி?"

"கார்டு பழுதாப் போச்சு அண்ணி. படம் இல்ல."

பொய் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மகளைக் காப்பாற்றச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை. அண்ணி கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "பரவால்ல தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய், அண்ணனின் அடையாள அட்டையை ஒரு துணியால் துடைத்துக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இத வச்சுச் செஞ்சுக்கலாம்."

7

அடுத்த நாளும் மகள் பேசவில்லை. பெரியம்மாவுக்குத் தலையை ஆட்டினாள், எனக்கு அதுவும் இல்லை. அதற்கு மறுநாள் காலை, நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வந்து, தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு வருடத்துக்கு முன் அன்றைக்கே, கமராவின் பின் திரையில் அந்தப் படத்தை வரவழைத்து, அந்தத் திரையை என் போனால் ஒரு படம் எடுத்து, எங்கள் வீட்டு மூன்று பேரின் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். அடியோடு மறந்துபோன விஷயம். இடையில் இரண்டு போன் மாற்றிவிட்டேன். அவள் அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பழைய செய்திகளை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறாள். நான் போட்டதற்குக் கீழே அவளுடைய பதிலும் இருந்தது. மூன்று சிரிக்கிற முகங்கள்.

வாயில் பற்பசை நுரையோடு அவள் தலையைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள்.

முதல் பஸ்ஸிலேயே கண்டிக்குப் போனோம். நானா படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பற்றரி அடையாளம் ஒரு மூலையில் இருந்தது. அதை வெட்டிவிடலாம் என்றார். முகம் தப்பிவிடும் என்றார். பிறகு விரலை வேன் கதவின் பக்கம் வைத்தார்.

"தம்பி, இதப் பாத்தீங்களா? ஒரு ஆள்ட நெழல் விழுந்து ஈக்கி." இருக்கு என்பதை அவர் பக்கத்தில் ஈக்கி என்பார்கள்.

அண்ணனுக்கு வலப்பக்கத்தில், கதவுக்குப் பின்னால் தெரிகிற தேயிலையில், மங்கலாக ஓர் ஆள் நின்றான். இரண்டு கையையும் மார்புக்கு நேரே கூப்பியது போல வைத்துக்கொண்டு, குனிந்து. கமராவின் திரைக் கண்ணாடியில் விழுந்த என் பிம்பம். போனை ஏந்திக்கொண்டு நிற்கிற நான்.

"இது மாலை போடுற படம் தானே," என்றார் நானா. "ஒங்கட ஆக்கள்ட வழக்கம் எனக்குத் தெரியும். உசிரோட ஈக்கிறவர்ட உருவம் இதில ஈக்கக் கூடா. எடுத்துப் போடட்டா?"

மகள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. நானா கேட்டதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். என்னைத்தான் எடுக்கச் சொல்லிக் கேட்கிறார். சரியான சொல்தான், சரியான காரியம்தான். இருந்தும் பத்தொன்பது வருடமாக அண்ணனோடு ஒரே படத்தில் நான் நின்றது அந்த ஓர் இடத்தில்தான்.

"எடுத்துருங்க நானா," என்றேன்.

அவர் கை பழகிய கை. பக்கத்திலிருந்த தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதி எடுத்து என் மேல் பூசினார். தலை போயிற்று, தோள் போயிற்று. கடைசியாகக் கை போனது. பத்து நிமிடத்தில் அந்த இடம் முழுக்கத் தேயிலை.

8

அண்ணி சட்டத்தைக் கையில் வாங்கி அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார். அழுது முடித்ததும், "கன்னம்கூடத் தெரியுது பாருங்க," என்றார். அதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

அன்று மாலை அண்ணி குசினியில் படையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் போய் அவர் பக்கத்தில் குந்தினாள். நான் வெளியே நின்றேன்.

"பெரியம்மா, கார்ட் பழுதில்ல. நான்தான் அழிச்சனான்."

இரண்டு நாளுக்குப் பிறகு வந்த தமிழ். நான் சொன்ன பொய்யை அவள் தூக்கிச் சுமக்க விரும்பவில்லை. வேனில் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தாள். கத்தி நின்றது. பிறகு அண்ணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது, அழுகையும் கொஞ்சம் கலந்தது.

"எடுன்னு சொன்னா புள்ள எடுக்கத்தானே செய்யும்! நாங்கெல்லாம் படம் புடிக்கிறதுன்னுதான் சொல்லுவோம் தாயி. இனிமே அப்பிடிக் கேளு. அப்பத்தான் ஒங்கப்பாவுக்கு வெளங்கும்." பிறகு குரலை உயர்த்தினார். நான் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "தம்பி, போனவருக்காக இருக்கிற புள்ளய அழ வைக்கலாமா? எங்கிட்ட வேற பொய் சொல்லிக்கிட்டு!"

நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

திவசத்தன்று அண்ணனின் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, கீழே விளக்கேற்றி, அவருக்குப் பிடித்த இஞ்சிப் பிளேன்டீயும் மீன் குழம்பும் வைத்துப் படைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், அப்படியே நிற்கிறார் என்று. யாரும் அந்தத் தேயிலையைக் கவனிக்கவில்லை. நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் போன பிறகு மகள் கமராவோடு வந்தாள். என்னிடம் வரவில்லை, அண்ணியிடம் போனாள்.

"பெரியம்மா, படம் பிடிக்கட்டா?"

"புடி தாயி. நீயும் வந்து நில்லு. தம்பி, நீங்களும் வாங்க."

அவளும் நிற்க வேண்டும், பொத்தானை அமுக்க ஆள் இல்லை. கமராவை எதிரே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்து, அந்தச் சின்ன முகப் படத்தைத் தெரிவு செய்துவிட்டு ஓடிவந்தாள். சட்டத்துக்கு இடப்பக்கம் அண்ணி, அண்ணியை ஒட்டி அவள். வலப்பக்கம் எனக்கு விட்டிருந்தார்கள். தேயிலை பூசிய பக்கம்.

விளக்கு மினுங்கியது. அது காத்திருந்தது. திவச வீட்டில் யார் சிரிப்பது? அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் கமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முயன்று பார்த்தேன், கடவுச்சீட்டு முகம்தான் வந்தது. யாராவது ஒருவர் போய் அதை நிறுத்திவிட்டுக் கையால் எடுக்கலாம் என்று நினைத்தேன்.

க்ளிக்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை.

க்ளிக்.

மகள் ஓடிப்போய்த் திரையைக் குனிந்து பார்த்தாள். சிரிக்கிற முகத்தைக் கண்டுவிட்டால் கமரா அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். அந்தக் கட்டம் அண்ணி மேலும் இல்லை, என் மேலும் இல்லை. நிமிர்ந்தவளின் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்பா, நாங்கள் இல்ல. பெரியப்பாதான் சிரிச்சவர்."

அவள் திரும்ப வந்து நின்றாள், இந்தத் தடவை என் பக்கத்தில். மாலைக்கு நடுவிலிருந்து அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தார். அது எடுத்துக்கொண்டே இருந்தது. யாரும் போய் அதை நிறுத்தவில்லை.